சட்டைப் பைக்கு ஒரு மடக்குக் கத்தி: முதன்முறை வாங்குபவர்களுக்கு

என் முதல் மடக்குக் கத்தியைப் படம் பார்த்து மயங்கி வாங்கினேன். கறுப்பு அலகு, அதில் பாதி தூரத்துக்கு ரம்பப் பல், பிடியின் அடியில் கார் கண்ணாடியை உடைக்க ஒரு கூர்முனை. என்னிடம் கார் கிடையாது. ஒருநாள் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வந்துவிட்டது, பெட்டியில் வழக்கமாக வரும் பிளாஸ்டிக் கத்தியைக் காணோம். “இருங்க, என்கிட்ட இருக்கு” என்று எடுத்து டக்கென்று விரித்தேன். பக்கத்தில் நின்ற நாலு பேர் ஓரடி பின்னால் போனார்கள். கேக்கும் ஒழுங்காக வெட்டுப்படவில்லை; தடித்த அலகு அதை நசுக்கிக் கொண்டுதான் இறங்கியது. அடுத்த வாரம் அந்தக் கத்தி ஸ்பேனர் டப்பாவுக்குள் போய்விட்டது.

இப்போது என் பையில் இருப்பது ஒரு சின்னப் பேனாக்கத்தி. பார்ப்பவர்கள் “கொஞ்சம் குடுங்க” என்று கேட்டு வாங்கிப் பழம் நறுக்குகிறார்கள். முதல் கத்தி வாங்குபவர்கள் இந்த இரண்டாவது கத்திக்கு நேராகவே வந்துவிடலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேனாக்கத்தி என்ற பெயரே, இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்தியிலிருந்து வந்தது. அந்த அளவு கத்திதான் இன்றைக்கும் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

வாங்கும் முன் ஒரு வாரம்

கடைக்கோ இணையத்துக்கோ போகாதீர்கள். ஒரு வாரம், எதையாவது வெட்ட வேண்டிவந்து கத்தரிக்கோலைத் தேடியபோதெல்லாம் போனில் ஒரு வரி குறித்து வையுங்கள். பல்லால் கடித்துக் கிழித்ததையும் சேர்த்துத்தான். என் பட்டியல் இப்படி இருந்தது: கொரியர் பார்சல் டேப் நான்கு முறை, புதுச் சட்டையின் விலைச்சீட்டு நூல், பழைய பேப்பர் கட்டிய சணல், ரயிலில் இரண்டு கொய்யா, பையனின் பென்சில், ஷாம்பு பாக்கெட், ஒரு ஒயரின் மேலுறை. இதில் ஒன்றுக்குக்கூட 7 சென்டிமீட்டருக்கு மேல் அலகு தேவைப்படவில்லை. இளநீர் சீவுவதும் மீன் அரிவதும் மடக்குக் கத்தியின் வேலை இல்லை. அதற்கு அரிவாளும் அரிவாள்மனையும் இருக்கின்றன.

பட்டியலில் ஸ்க்ரூ முடுக்குவதும் பாட்டில் மூடி திறப்பதும் அடிக்கடி வந்தால் உங்களுக்கு வேண்டியது பல கருவி கொண்ட சுவிஸ் வகை. வெறும் வெட்டு மட்டும்தான் என்றால் ஒற்றை அலகுக் கத்தி. இந்த முடிவை எடுத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சட்டமும் சோதனை வாசலும்

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வந்த 2016 ஆயுத விதிகளும்தான் அடிப்படை. விதிகளின் முதல் அட்டவணையில், 9 அங்குலத்தைத் தாண்டிய நீளமோ 2 அங்குலத்தைத் தாண்டிய அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நம் பேனாக்கத்தி இந்த அளவுகளின் பக்கத்திலேயே வராது.

ஆனால் இதோடு முடியவில்லை. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகைக் கத்திகளுக்கு அறிவிக்கை மூலம் தனிக் கட்டுப்பாடு போட முடியும். டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை இதற்கு உதாரணம்: ஸ்பிரிங்கிலோ பட்டனிலோ திறக்கும் கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே அங்கே சிக்கல்தான். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்யப்பட்ட ராம்பூரிக் கத்தியை இந்திப் படத்து வில்லன்கள் விரித்து விரித்துக் காட்டியதில், மடக்குக் கத்தி என்றாலே நம் ஊரில் ரவுடி நினைவுதான் வருகிறது. அதனால் பட்டன் கத்தியை வாங்கவே வாங்காதீர்கள். ராத்திரி வாகனச் சோதனையில் “பழம் நறுக்க சார்” என்று சொன்னால், கையில் இருக்கும் கத்தியும் அதையே சொல்ல வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். சாவிக்கொத்தில் கிடந்த விரல் நீளக் கத்தியை மறந்துபோய், ஒரு விமான நிலையத்துப் பறிமுதல் தொட்டிக்கு நான் தானம் செய்திருக்கிறேன். நீதிமன்றம், மெட்ரோ, மால் என்று பை ஸ்கேன் செய்யும் இடத்துக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வரி: அங்கே காரணம் கேட்காமல் பொது இடத்தில் அனுமதிப்பது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டும்தான்.

எவ்வளவு பெரிசு, எவ்வளவு கனம்

அலகு 6 முதல் 7 சென்டிமீட்டர், எடை 70 கிராமுக்குள். இதுதான் என் கணக்கு. எடையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அமெரிக்காவின் பக் 110 என்ற கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் வந்தது, பித்தளையும் மரமும் சேர்ந்த அழகான பொருள், பின்பூட்டுக் கத்திகளுக்கெல்லாம் (விரிந்த அலகைப் பிடியின் முதுகில் உள்ள பூட்டு பிடித்துக்கொள்ளும் வகை) முன்மாதிரி. ஆனால் எடை 200 கிராம். தோல் உறையில் போட்டு இடுப்புப் பட்டையில் மாட்டுகிறவனுக்காகச் செய்தது அது. நம் பருத்திச் சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒருபக்கமாகத் தொங்கும். வேட்டி மடிப்பில் சொருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு முனையில் விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்.டி. இருக்கிறது. மடக்கினால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம். சாவிக்கொத்தில் கிடக்கும், இருப்பதே தெரியாது. சின்னக் கத்தரிக்கோலும் உண்டு. டேப், நூல், பாக்கெட் அளவில் உங்கள் பட்டியல் நின்றுவிட்டால் இதோடு கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம். பழம் நறுக்கத்தான் அலகு எட்டாது.

திறப்பும் பூட்டும்

மடக்குக் கத்தியால் வரும் காயங்களில் மோசமானது, அலகு விரல் மேலேயே மடங்குவது. இதைத் தடுக்கும் ஏற்பாட்டை வைத்துத்தான் கத்திகளை வகை பிரிக்கிறார்கள்.

சுவிஸ் கத்திகளில் பெரும்பாலானவை பூட்டே இல்லாத வகை. முதுகில் உள்ள வில் அலகை விரிந்த நிலையில் அழுத்திப் பிடித்திருக்கும். பலமாக மடக்கினால் மடங்கிவிடும். பயமாக இருக்கிறதா? கூர்ப்பக்கம் கீழே அழுந்தும்படி வெட்டும்வரை அது மடங்க வழியில்லை. முனையால் குத்தும்போதும், மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி இழுக்கும்போதும்தான் ஆபத்து. இந்த இரண்டையும் செய்யாமல் இருக்கப் பழகிவிட்டால் பூட்டில்லாத கத்தி போதும். புதியவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஆட்கள் கத்தியை உளியாகவும் கடப்பாரையாகவும் ஆக்குகிறார்கள்.

பூட்டு வேண்டுமென்றால், பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஓபினெல்லைப் பாருங்கள். ஜோசப் ஓபினெல் 1890 வாக்கில் குடியானவர்களுக்காகச் செய்த கத்தி. மரப்பிடி, ஒரு அலகு, வேறு ஒன்றுமில்லை. 1955இல் அதன் கழுத்தில் ஒரு உலோக வளையம் சேர்ந்தது. அலகை விரித்ததும் வளையத்தைக் கொஞ்சம் திருகினால் பூட்டு. இதைவிட எளிய பூட்டை நான் பார்த்ததில்லை. 6ஆம் எண்ணுக்கு 7 சென்டிமீட்டர் அலகு, 8ஆம் எண்ணுக்கு எட்டரை. நமக்கு 6 போதும்.

லைனர் லாக் என்பது பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து அலகின் அடிக்கு முட்டுக்கொடுப்பது. ஒரே கையால் திறக்கலாம், மூடலாம். மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும் என்பதால் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பெரும்பாலும் வலக்கைக்காரர்களை நினைத்துச் செய்வதால், இடக்கைக்காரர்கள் கையில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அலகின் தடிமன்: பலர் கோட்டைவிடும் இடம்

எந்த எஃகு, எத்தனை கடினம் என்று மணிக்கணக்கில் ஆராய்கிறவர்கள், அலகு எவ்வளவு மெல்லியது என்று பார்ப்பதில்லை. வெட்டு சுகமாக இருப்பதற்குக் கூர்மை பாதிக் காரணம், மெல்லிசு மீதிக் காரணம்.

ஒரு கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு 3, 4 மில்லிமீட்டர் தடித்த கத்தியைக் கொண்டுவந்து குறுக்கே அழுத்தினால், பாதியில் ‘டக்’கென்று சத்தம் கேட்கும். கேரட் வெட்டுப்படவில்லை, பிளந்திருக்கிறது. அலகு ஆப்பு மாதிரி வேலை செய்திருக்கிறது. அதே கேரட்டை ஓபினெல்லால் நறுக்குங்கள்; அதன் முதுகு ஒன்றரை மில்லிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும், அங்கிருந்து கூர்வரை ஒரே சரிவாக மெலிந்துகொண்டே வரும். சத்தமே இல்லாமல் வில்லை விழும். கடையில் கேரட் கேட்க முடியாது என்றால், அலகை விரித்து முனையை உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். முதுகிலிருந்து கூர்வரை நீண்ட ‘வி’ மாதிரி தெரிந்தால் நல்லது. முக்கால்வாசி தடியாகவே வந்து கடைசியில் மட்டும் சட்டென்று சரிந்தால் அது உளிக்கு உறவுக்காரன்.

வடிவத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். முதுகு ஏறக்குறைய நேராகப் போய், முனை அருகே லேசாகச் சரியும் சாதாரண வடிவமே போதும். ரம்பப் பல் வைத்ததைத் தவிருங்கள். கயிறு அறுக்க நன்றாக இருக்கும், ஆனால் வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது.

எஃகு

எஃகில் குரோமியம் சுமார் பத்தரை சதவீதத்தைத் தாண்டினால்தான் அது துருப்பிடிக்காத வகை. அதிலும் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை, எளிதில் பிடிக்காது, அவ்வளவுதான். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று உப்புக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்களும், என்னைப் போல வியர்வையில் சட்டைப் பை நனைகிறவர்களும் இந்த வகையை விட்டு வெளியே போகாதீர்கள். விக்டோரினாக்ஸ் எஃகு மென்மையான ரகம். கூர் சீக்கிரம் போகும் என்று குறை சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். தீட்டக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல எஃகு கிடையாது.

8சிஆர்13எம்ஓவி என்று சீனக் கத்திகளில் பார்ப்பீர்கள். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். விலைக்கு ஏற்ற நல்ல எஃகு. 14சி28என் கிடைத்தால் இன்னும் நல்லது. கூரும் நிற்கும், துருவும் அண்டாது. டி2 என்பது தொழிற்சாலை அச்சுகளுக்கான எஃகு. கூர் நன்றாக நிற்கும், தீட்டும்போது நம் முதுகு ஒடியும், கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருவும் வரும். அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்பதைத் தவிர வேறெதுவும் எழுதாத கத்தி என்றால், எஃகைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அவர்களிடம் எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஓபினெல்லில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டும் உண்டு. கார்பன் அலகால் மாங்காய் கீறினால் பத்து நிமிடத்தில் அலகு சாம்பல் நிறமாகிவிடும், மாங்காயிலும் இரும்பு வாடை வரும். பழைய அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கி வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பிடித்தால் வாங்குங்கள், துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் வேண்டாம்.

பிடி மரமென்றால் ஒரு விஷயம். ஐப்பசி அடைமழையில் ஓபினெல்லின் மரப்பிடி ஈரம் குடித்து உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தைப் பேர்க்காதீர்கள். வளையத்தைத் திறப்புப் பக்கம் திருகிவிட்டு, வளையம் இருக்கும் முனையின் முதுகுப் பக்கத்தை மேசையில் தட்டுங்கள். அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் பேரிலேயே வழங்கும் பழைய உத்தி இது. பிளாஸ்டிக், அலுமினியப் பிடிகளில் இந்தத் தொல்லை இல்லை.

கையில் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

பார்சல் பிரித்த அன்றே செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

முதலில் மூடிய கத்தியை மேலிருந்து பாருங்கள். அலகு பிடியின் இரு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, ஒருபக்கம் உரசுகிறதா? அப்புறம் விரித்து, முதுகை இரு விரலால் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில் ஆட்டுங்கள். பக்கவாட்டு ஆட்டம் லேசாக இருந்தால் கீல் ஸ்க்ரூவைக் கால் சுற்று முடுக்கிப் பார்க்கலாம். பூட்டுள்ள கத்தி மேலும் கீழும் ஆடினால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். அடுத்தது, மூடிய கத்தியை அலகு திறக்கும் பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்து நாலு உதறு. அலகு தலை நீட்டினால் அது பைக்குள்ளும் நீட்டும்.

கடைசியாகச் செய்தித்தாள். ஒரு தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, மேல் ஓரத்திலிருந்து அலகின் அடி முதல் முனை வரை இழுங்கள். ஓரிடத்தில் சிக்கிக் கிழிந்தால் அங்கே கூர் சரியில்லை. இது பெரிய குறையல்ல, தீட்டினால் போயிற்று.

போலி பற்றி ஒரு வார்த்தை. ஒரு ரயில் நிலைய வாசலில், சிவப்புப் பிடியும் சிலுவையும் போட்ட ‘ஒன்றில் பதினொன்று’ கத்தியை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் நாள் பாட்டில் மூடியைத் திறக்கும்போது வளைந்தது மூடியல்ல, திறப்பான். அசல் விக்டோரினாக்ஸ் அலகின் அடியில் நிறுவனப் பெயரும் சுவிட்சர்லாந்தில் செய்தது என்பதும் தெளிவாகப் பொறித்திருக்கும். ஒவ்வொரு கருவியும் சீராகத் திறந்து, முடியும் இடத்தில் ‘டக்’கென்று நிற்கும். அந்தச் சத்தம் போலியில் வராது.

கூர் போனால்

சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் சரி. எங்கள் தெருவுக்கு வருபவரிடம் நானே ஒருமுறை நீட்டினேன். சக்கரத்தில் பொறி பறக்க இரண்டு இழுப்புதான். திரும்பி வந்தபோது முனை அருகே நீலம் பாரித்திருந்தது. நீலம் என்றால் அந்த இடம் அளவுக்கு மேல் சூடேறி, எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அந்த ஒரு சென்டிமீட்டரில் கூர் நிற்கவே இல்லை. அவர் மேல் தப்பில்லை, அவருடைய சக்கரம் மெல்லிய அலகுக்கானது அல்ல.

ஹார்டுவேர் கடையில் ஒருபக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள கார்போரண்டம் கல் கிடைக்கும். தண்ணீர் தெளித்து, வழுக்காமல் ஈரத்துணி மேல் வையுங்கள். கோணம்தான் எல்லோருக்கும் குழப்பம். ஒரு தாளின் மூலையை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர மடித்தால் 45 பாகை, இன்னொருமுறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த முக்கோணத்தைக் கல்லின் பக்கத்தில் வைத்து, அதைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடியுங்கள். கோணம் ஒன்றிரண்டு பாகை கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை, எல்லா இழுப்பிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

ஒருபக்கத்தையே தேய்த்துக்கொண்டிருங்கள். சிறிது நேரத்தில் மறுபக்கத்தில் விரலைக் கூரிலிருந்து விலகும் திசையில் மெதுவாகத் தடவினால் நுண்ணிய பிசிறு தட்டுப்படும். அடி முதல் முனை வரை பிசிறு வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பத்து இழுப்பு இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம் என்று எண்ணிக்கொண்டு தேய்ப்பவர்களுக்குக் கூர் வராததற்கு இதுதான் காரணம். பிசிறு வரும் முன்னேயே பக்கம் மாற்றிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வந்ததும் நைசு பக்கத்தில் அழுத்தமே கொடுக்காமல் மாற்றி மாற்றி நாலு இழுப்பு. பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், கூர் பின்னால் வரும்படி இருபது முறை. மீதிப் பிசிறு போய்விடும். ஊருக்குப் போன இடத்தில் கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு ஏறாத வளையம் இருக்கும். அவசரத்துக்கு அது போதும்.

பழம் நறுக்கியதும் கழுவி, விரித்தபடியே உலர விடுங்கள். மாதம் ஒருமுறை கீலில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானதும் பிசுக்கேறி, பைத் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

யாராவது கேட்டால் மடக்கித்தான் கொடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் என்றால் எப்படி மூடுவது என்றும் காட்டிவிடுங்கள், திறப்பதைவிட மூடும்போதுதான் விரல் போகும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்லும் வீடுகள் நம்மிடம் உண்டு. போன மாதம் ரயிலில் எதிர் இருக்கைப் பாட்டி கொய்யாவுக்காகக் கத்தி கேட்டார். நான் நீட்டியதும் “கையில தராதே தம்பி, அப்படி வை” என்று சீட்டைக் காட்டினார். மடக்கி வைத்தேன். எடுத்து, நகத்தால் ஒரே இழுப்பில் விரித்து, நாலு துண்டு போட்டு, முந்தானையில் அலகைத் துடைத்து, மடக்கி, அதே இடத்தில் வைத்தார். கூடவே இரண்டு துண்டு கொய்யாவும்.